ஐந்துக்கு ஏழு: வாசல் இல்லாத வீட்டுக்கு ஒரு கோலத் தடுப்பு

பர்மாவின் யாங்கோன் நகரின் நடுவே, எண் போட்ட தெருக்களில் ஒன்றில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. பன்னிரண்டரை அடி அகலம், ஐம்பது அடி நீளம். இங்கே பாதி ஊர் இந்த அளவுக்குள்தான் வாழ்கிறது. உள்ளே சுவரே இல்லாத ஒரே நீளக் கூடம். முன்பக்கம் பால்கனி, பின்பக்கம் சமையலும் குளியலறையும். வெளிச்சம் இரண்டு முனைகளிலிருந்து மட்டும்தான் வரும். நடுவில் இருபது அடிக்குப் பகலிலும் விளக்கு வேண்டும்.

வீடு எல்லாம் ஒரே அளவாக இருப்பதால் அவரவர் மனசு உள்ளே எப்படி வெளிப்படுகிறது என்பது பளிச்சென்று தெரியும். ஓவியம் வரையும் தோழி ஒருத்தி சுவரின் பூச்சை ஓர் இடத்தில் உதிர்த்து, உள்ளே தெரிந்த பழைய செங்கல்லைச் சுற்றிப் படத்துக்குப் போடுவதுபோல் சட்டம் அடித்திருக்கிறாள். கீழ்வீட்டு பர்மியத் தம்பதி மேசை, அலமாரி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. அரிசி முதல் மாத்திரை வரை எல்லாமே பகான் ஊரிலிருந்து வந்த அரக்குப் பெட்டிகளில். இதே ஊரில் பசுண்டாங் பேட்டையில் இருக்கும் என் சின்னம்மா மகன் ஐம்பது வருடத்துக் காலண்டர் சாமிகளைக் கத்தரித்து ஒரு சுவர் முழுக்க ஒட்டியிருக்கிறான். அந்தச் சுவர் முன்னால் உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. பால்கனியிலிருந்து கீழே தொங்கும் கயிற்றில்கூட ஆளைத் தெரிந்துகொள்ளலாம். பத்திரிகைக்காரரும் பலகாரக்காரரும் பொருளைக் கிளிப்பில் மாட்டிவிட்டு மணியை இழுப்பார்களே, அந்தக் கயிறு. எங்கள் தெருவில் ஒரு பையன் அதில் பித்தளைச் சலங்கை கட்டியிருக்கிறான். சத்தம் கேட்டதும் அது அவன் வீடு என்று தெரு முழுவதற்கும் தெரியும்.

எங்கள் வீட்டில் அப்படி எதுவும் இல்லாமல் இருந்தது. கூடத்தின் நடுவில் ஒரு திரைச்சீலை, அவ்வளவுதான். எனக்கு அதைவிடப் பெரிய குறை அம்மாவுடையது. மாடி வீட்டுக்கு வாசல் கிடையாது. அம்மா வருடக்கணக்காகப் படிக்கட்டுத் தளத்தில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறு மாடிக்கும் அது ஒன்றுதான் வழி. எட்டு மணிக்குள் அத்தனை செருப்பும் ஏறி இறங்கிக் கோலம் வெறும் வெள்ளைப் புழுதியாகிவிடும். முட்டி வலி வந்த பிறகு அதையும் விட்டுவிட்டார்கள். தடுப்பு ஒன்று செய்வதானால் அதையே வீட்டின் வாசலாக்கி, அழியாத கோலம் ஒன்றை அதில் வைக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். நான் துணிக்கு டிசைன் வரைபவள். கோலம் என் தொழிலுக்கும் தாய் போன்றது.

கதவுகள்

திங்யான் தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரம், இடித்துக்கொண்டிருந்த ஒரு பழைய கட்டடத்திலிருந்து நான்கு பால்கனிக் கதவுகள் கிடைத்தன. சாய்ந்த பட்டிகள் வைத்த கதவுகள். ஒவ்வொன்றும் ஏழடி உயரம், இருபது அங்குல அகலம். காற்றும் வெளிச்சமும் பட்டிகளின் இடையே போய்வரும் என்பதால்தான் இவற்றைத் தேர்ந்தெடுத்தேன். பலகைத் தடுப்பு வைத்திருந்தால் நடுக்கூடம் கிடங்காகிவிடும்.

மேலே பச்சை எனாமல் பெயிண்ட். நகத்தால் ஓர் ஓரத்தில் சுரண்டினால் நீலம், அதற்குக் கீழே பாலாடை நிறம், அப்புறம் செங்காவி. கீழ் விளிம்பில் பெயிண்ட் இல்லாத இடத்தை இழைப்புளியால் ஒரு இழுப்பு இழுத்ததும் அந்த எண்ணெய் வாசனை வந்தது. தேக்கு! காரைக்குடிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தபோது தூணைத் தட்டித் தட்டி "பர்மாத் தேக்கு, பர்மாத் தேக்கு" என்று காட்டினார்கள். இங்கே அது விளைந்த நாட்டில் அதன்மேல் நாலு கோட் பெயிண்ட் அடித்துவைத்திருக்கிறோம். பழைய கதவானாலும் ரசீது எழுதி வாங்கிக்கொண்டேன். 2018-இல் புதுச் சட்டம் வரும்வரை இருந்த 1992 வனச் சட்டத்தின்படி இந்த நாட்டில் தேக்கு எங்கே நின்றாலும் அரசுக்குச் சொந்தமாக இருந்தது. தேக்குச் சாமானை வண்டியில் ஏற்றினால் யாராவது கேட்கத்தான் செய்வார்கள்.

பெயிண்ட் எடுப்பதில் இரண்டு தவறு செய்தேன். இரண்டையும் விவரமாக எழுதுகிறேன். இதே வேலையை யாராவது செய்யப்போனால் உதவும்.

அவ்வளவு பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஈயத்தூள் வீடெங்கும் பரவும். தீப்பந்தத்தால் சுட்டால் ஈயம் புகையாகி மூச்சில் போகும். நான் ஹீட் கன் வைத்து, சூட்டைக் குறைவாக வைத்து, பெயிண்ட் இளகியதும் பட்டிக் கத்தியால் வழித்தேன். முதல் நாள் முகமூடி போட்டேன், தரையில் பிளாஸ்டிக் விரித்தேன், ஆனால் மகளை வீட்டிலேயே வைத்திருந்தேன். அதுதான் முதல் தவறு. மறுநாளே அவளைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தரையை இரண்டு முறை ஈரத்துணியால் துடைத்தேன். பெருக்கக் கூடாது, துடைக்க வேண்டும். வழித்த துகள்களை மூட்டையாகக் கட்டித் தனியாக வைத்தேன்.

ஹீட் கன் 2,000 வாட். எங்கள் இன்வெர்ட்டர் 1,000 வாட். ஆகவே கரண்ட் இருக்கும்போதுதான் வேலை. முறை வைத்துத்தான் கரண்ட் வரும். எங்கள் முறை சில நாள் விடியற்காலை ஒரு மணிக்கு. அந்த நேரத்தில் பால்கனியில் உட்கார்ந்து கதவு சுரண்டியது எனக்குப் பிடித்திருந்தது. தெரு அடங்கியிருக்கும். எதிர் வீடுகளில் அவரவர் முறைக்குக் காத்திருந்து துணி துவைப்பார்கள், அரிசி வேகவைப்பார்கள்.

அப்படியும் வேலை நகரவில்லை. ஒரு கதவுக்கு நாற்பது பட்டிகள், நான்குக்கும் சேர்த்து நூற்றறுபது. பொறுமை போய் ஒரு கதவுக்குக் காஸ்டிக் சோடா பூசினேன். இரண்டாவது தவறு. பெயிண்ட் கழன்றது, மரம் கறுத்துவிட்டது. தேக்கில் இருக்கும் துவர்ப்புப் பொருள் காரம் பட்டால் கறுக்கும். தண்ணீர் விட்டுக் கழுவி, வினிகர் தடவி, மறுபடி கழுவி, காயவிட்டு, ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் பூசிய பிறகுதான் ஓரளவு பழைய நிறத்துக்கு வந்தது. அந்த அமிலத் தூளும் விஷம்தான், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். இப்போதும் அந்த ஒரு கதவு மற்ற மூன்றைவிட ஒரு சாயல் கறுப்பு.

கடைசியில் சட்டங்களை மட்டும் முழுதாகச் சுரண்டி, பட்டிகளில் நீலம் வரும் வரை எடுத்து நிறுத்திக்கொண்டேன். முதலில் அலுப்பில்தான் நிறுத்தினேன். தேன் நிறத் தேக்குக்கு நடுவே தேய்ந்த நீலப் பட்டிகளைப் பார்த்த பிறகு இனி தொடவே கூடாது என்று ஆகிவிட்டது. யாரோ ஒரு குடும்பம் ஒரு காலத்தில் விரும்பி அடித்த நீலம் அது. அது உதிராமலும் தூசி எழும்பாமலும் இருக்க இரண்டு கோட் வார்னிஷ் கொடுத்து மூடிவிட்டேன்.

நிறுத்தியது

தச்சு வேலைக்கு எங்கள் தெரு முனையில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி அண்ணன் வந்தார். உள் அகலம் சரியாக 12 அடி, அதாவது 144 அங்குலம். நான்கு கதவுக்கு 80, நடக்கும் வழிக்கு 30, மூன்று தூணுக்கு 9. மிச்சம் 25 அங்குலம். அந்த 25-இல்தான் கோலப்பலகை.

கழன்றிருந்த பழைய மூட்டுகளைப் பசை வைத்துச் சேர்த்தோம். "தேக்குல எண்ணெய் இருக்கு தங்கச்சி, சும்மா பசை வச்சா ஆறு மாசத்துல விட்டுடும்" என்றார். அசிட்டோனால் துடைத்து, அது ஆவியானதும் காத்திருக்காமல் பசை வைத்தோம். நேரம் கடந்தால் உள்ளேயிருந்து எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடுமாம். சட்டங்களுக்கு ஆளிவிதை எண்ணெய் இரண்டு கோட். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிப் போடாமல் கொடியில் விரித்துக் காயவைத்தேன். குவித்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும்.

தரையில் பாட்டி காலத்துப் பூப்போட்ட சிமெண்ட் ஓடு. அதில் ஓட்டை போட எனக்கு மனசு வரவில்லை. தூண்களைத் தரையில் ரப்பர் வைத்து நிறுத்தி, மேலே உத்தரத்தோடு இரும்புக் கோணம் வைத்து ஸ்க்ரூ அடித்தோம். ஒவ்வொரு தூணுக்கும் இரண்டு கோணம். 2025 மார்ச் 28 அன்று மண்டலேயையும் சகாயிங்கையும் சாய்த்த 7.7 நிலநடுக்கத்துக்குப் பிறகு, உயரமான எதையும் கட்டாமல் விடுவதில்லை என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம். தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பார்த்தபோது தூண் நேராக இருந்தது, சுவர்தான் ஓர் அங்குலம் சாய்ந்திருந்தது. அந்த இடைவெளிக்கு ஆப்பு போல ஒரு ரீப்பர் இழைத்து அடைத்தார் அண்ணன்.

கோலம்

இனிதான் நான் எழுத வந்த விஷயம்.

பகான் அரக்கு வேலைக்கு ஒரு மரத்தின் பால் வேண்டும். திட்சி என்று பெயர். எடுக்கும்போது வெளிறித்தான் இருக்கும், காற்றுப் பட்டுப் பட்டு மைக்கறுப்பாகும். அதோடு சலித்த சாம்பலைப் பிசைந்தால் களிமண் போல வரும், அது தயோ. தயோவைக் கயிறாக உருட்டிப் புத்தர் பீடங்களிலும் பெட்டிகளிலும் ஒட்டிப் புடைப்புக் கொடி வரைவார்கள். நடுவில் கண்ணாடித் துண்டு பதிப்பார்கள். அந்தக் கொடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிக்குக் கோலக் கம்பிதான் ஞாபகம் வரும். அம்மாவின் விரலிடையில் வழிகிற மாவுக்குப் பதிலாகத் தயோ.

பகானிலிருந்து வந்து இங்கே தங்கிவிட்ட வயதான ஒரு சயாவிடம் (ஆசானை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) போய்ச் சொல்லித்தரச் சொன்னேன். கோலப்படத்தைக் காட்டியதும் கம்பியை விரலால் தொடர்ந்து போனார். பாதியில் நின்று, "முனை எங்கே?" என்று கேட்டார். முனையே இல்லை சயா, சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வரும் என்றேன். சரி, நாளைக்கு வா என்றார்.

பலகையில் இடம் இருந்த அளவுக்கு ஐந்துக்கு ஐந்து நேர்புள்ளி வைத்து வரைந்திருந்தேன். ஒரே கம்பியாக வரவில்லை. அம்மாவிடம் காட்டினேன்.

"அஞ்சுக்கு அஞ்சு வச்சா அஞ்சு கம்பியாத்தான் விழும். ஒரே கம்பி வேணும்னா அஞ்சுக்கு ஏழு வை."

"எப்படிம்மா சொல்றீங்க?"

"பாட்டி சொன்னது. நாலுக்கு ஆறு வச்சா ரெண்டு. ஆறுக்கு ஒம்பது வச்சா மூணு. போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தேன். அப்படியே வந்தது. வளைவுகளை நடுவில் வெட்டாமல் புள்ளிகளைச் சுற்றி மட்டும் போகும் சாதாரணச் சிக்குக் கோலத்தில், இரண்டு எண்களுக்கும் உள்ள மீப்பெரு பொது வகுத்திதான் கம்பிகளின் எண்ணிக்கை. பள்ளியில் படித்த கணக்கு. அம்மா ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள், 1964-இல் கடைகளும் அடுத்துப் பள்ளிகளும் அரசின் கைக்குப் போய் லட்சக்கணக்கானவர்கள் கப்பலேறிய காலத்தில் இங்கேயே தங்கிவிட்ட வீட்டுப் பெண். தமிழ்ப் புத்தகம் கையில் கிடைக்காத வருடங்களில் இந்தக் கணக்கு மட்டும் விடியற்காலை தோறும் அவர்கள் கையில் இருந்திருக்கிறது. இத்தனை நாள் இதைக் கேட்காமல் இருந்துவிட்டேனே என்று அன்றைக்கு ரொம்ப நேரம் மனசு அடித்துக்கொண்டது.

புள்ளிக்குப் புள்ளி நான்கு அங்குலம் வைத்தால், ஐந்துக்கு ஏழு கோலம் 20 அங்குல அகலம், 28 அங்குல உயரம் வரும். பலகைக்குப் பொருத்தம். ஒரு புள்ளியைச் சுற்ற சாய்வாக நான்கு துண்டு. 35 புள்ளிக்கும் கூட்டினால் கம்பியின் நீளம் ஏறத்தாழ 33 அடி.

பலகையைத் தயார் செய்யவே ஜூன் முழுக்கப் போனது. ஒரு கோட் திட்சி, அடுத்து மரத்தின் கண் அடையத் தயோ, தேய்ப்பு, மறுபடி இரண்டு கோட் திட்சி. ஒவ்வொன்றும் காய ஒரு வாரம். திட்சி மற்ற பெயிண்ட் போல வெயிலில் காயாது. அதற்கு ஈரக்காற்று வேண்டும், ஈரம் இருந்தால்தான் இறுகும். பகானில் இதற்கென்றே நிலவறை வைத்திருப்பார்கள். எங்களுக்கு நிலவறைக்கு எங்கே போவது? குளியலறையின் மேல் பரணில் நனைத்த கோணிச் சாக்கைத் தொங்கவிட்டு, அதனடியில் பலகையை வைத்தேன். மழைக்காலமாக இருந்தது நல்லதாகப் போயிற்று. ஆறாம் நாள் விரல் வைத்தால் ஒட்டவில்லை.

கையுறை போட்டிருந்தேன், ஆனால் மணிக்கட்டை மறந்துவிட்டேன். இரண்டாம் வாரம் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தடித்துச் சிவந்து கொப்புளம் வந்தது. டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்து, பச்சைத் திட்சியைத் தொடாதே என்றார். பத்து நாள் வேலை நின்றது. நன்றாகக் காய்ந்த அரக்கு ஒன்றும் செய்யாது. பச்சையாக இருக்கும்வரைதான் இந்த ஆபத்து. அதன் பிறகு முழங்கை வரை தேங்காய் எண்ணெய் தடவி, நீளக் கையுறை போட்டு, சட்டைக் கையை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினேன். மறுபடி வரவில்லை. ஆனால் ஒரு முறை ஒவ்வாமை வந்தவர்களுக்கு அடுத்த முறை இன்னும் மோசமாகலாம். பிள்ளைகளைப் பக்கத்தில் விடவே வேண்டாம்.

கம்பி உருட்டுவதுதான் கை பழக வேண்டிய வேலை. சாம்பல் குறைந்தால் கம்பி ஒட்டிய இடத்திலேயே பரந்து தட்டையாகிவிடும். கூடினால் வளைவில் வெடிக்கும். சயா அளவு எதுவும் சொல்லவில்லை. ஒரு துண்டை விரலில் மோதிரம் போலச் சுற்றிப் பார், வெடிக்காமல் நின்றால் சரி என்றார். எண்ணெய் தடவிய கல்லில், பலகைத் துண்டை மேலே வைத்து முன்னும் பின்னும் உருட்டினால் மூன்று மில்லிமீட்டர் பருமனில் வரும். ஒரு முழத்துக்கு மேல் நீளம் போனால் அறுந்துவிடும். அப்படியானால் 33 அடிக் கம்பி எப்படி ஒரே கம்பியாக இருக்கும்? இது எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.

வழி கோலத்திலேயே இருந்தது. சிக்குக் கோலத்தில் கம்பி ஒருமுறை மேலே போனால் அடுத்த சந்திப்பில் கீழே போகும். கீழே போகும் இடத்தில் துண்டை முடித்து, அங்கிருந்தே அடுத்த துண்டைத் தொடங்கினேன். மேலே குறுக்கே போகும் கம்பி அந்த இணைப்பை மூடிவிடும். மொத்தம் 25 துண்டுகள். ஒரு இணைப்பும் வெளியே தெரியாது. இதை நானே கண்டுபிடித்தபோது சயா ஒன்றும் சொல்லாமல் எனக்கு ஒரு கோப்பைத் தேநீர் ஊற்றினார்.

புள்ளிக்கு என்ன வைப்பது? துணியில் வைத்துத் தைக்கும் சின்ன வட்டக் கண்ணாடிகள் என் பெட்டியில் இருந்தன. ஒரு சென்டிமீட்டர் அகலம். தயோ ஈரமாக இருக்கும்போதே 35 கண்ணாடிகளையும் பதித்தேன். பன்னிரண்டு நாள் காயவிட்டு, கண்ணாடிகளைக் காகிதத்தால் மறைத்து, மேலே மூன்று கோட் திட்சி. தண்ணீர் தொட்டு மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, கடைசியில் எண்ணெயும் சாம்பலும் வைத்து உள்ளங்கையால் மெருகேற்றினேன்.

நிறத்தில் எனக்கும் அம்மாவுக்கும் ஒத்துவரவில்லை. கோலம் என்றால் வெள்ளையாக இருக்க வேண்டும் என்றார்கள் அம்மா. தங்கத்தாள் ஒட்டலாமே என்றார் சயா. எனக்குக் கறுப்புப் பலகையில் கறுப்புக் கம்பியாகவே இருக்க வேண்டும் என்று பிடிவாதம். நேராக நின்று பார்த்தால் வெறும் பலகை. நடந்து போகும்போது பால்கனி வெளிச்சம் சாய்வாகப் பட்டால் கம்பி முழுவதும் எழுந்து வரும். துணியில் நான் இருபது வருடமாக விரும்புவதும் இதைத்தான், ஒரே நிற நூலில் நெய்த பூவை.

தடிங்யூ விளக்குத் திருநாளுக்கு முந்தின வாரம் பலகையைச் சட்டத்தில் பொருத்தினோம். கீழே ஒரு சின்ன மாடம், அதில் பாட்டியின் பித்தளை விளக்கு. மேலே பழைய மஞ்சள் கண்ணாடி ஒன்று. அது கடையில் வாங்கியது, சொல்ல ஒன்றுமில்லை. விளக்குக்கும் பலகைக்கும் ஒரு முழம் இடைவெளி விட்டிருக்கிறேன், அரக்குக்குச் சூடு ஆகாது. எவ்வளவு செலவு என்று கேட்பீர்கள். இந்த ஊர்ப் பணமான கியாட் கணக்கு மாதத்துக்கு மாதம் மாறுகிறது. அரக்குக்கும் சயாவுக்கும் கொடுத்தது கதவுகளின் விலையில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பகலில் அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி ஏழு மணிக்குக் கரண்ட் போனது. இன்வெர்ட்டரைப் போடாமல் விளக்கை மட்டும் ஏற்றினேன். இருட்டில் கம்பி மறைந்துவிட்டது. முப்பத்தைந்து கண்ணாடியிலும் முப்பத்தைந்து சுடர். அம்மா நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதன் எதிரே உட்கார்ந்தார்கள்.

"புள்ளி வச்சு முடிச்ச வாசல் மாதிரியே இருக்குடி. கம்பியை நான் மனசுக்குள்ள இழுத்துக்கறேன்" என்றார்கள். ஆள்காட்டி விரல் மடியில் மெதுவாக வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது.

கீழ்வீட்டுப் பர்மிய அக்கா பார்த்துவிட்டுத் தன் புத்தர் மாடத்துக்குப் பின்னால் வைக்க ஒன்று கேட்டிருக்கிறார். அவர் மாடம் சின்னது, நாலுக்கு ஐந்து போதும் என்று அம்மா அளவு சொல்லியாகிவிட்டது. மழை நின்றுவிட்டது, காற்றில் ஈரம் குறைந்துகொண்டு வருகிறது. சாக்கை ஒரு நாளைக்கு இரண்டு முறை நனைக்கிறேன். பரணில் முதல் கோட் காய்ந்துகொண்டிருக்கிறது.